நான் அடைத்த நான்கு ஓட்டைகள்

பூனைகள் வருவதில்லை என்பதை முதலில் கவனித்தவள் உன் தங்கை ஸ்டெல்லாதான். மத்தியானம் வியாபாரம் முடிந்து நம் மீன் வண்டி வாசலில் வந்து நின்றால், தெருவில் இருக்கிற ஏழெட்டுப் பூனைகளும் அதன் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உனக்கு நினைவிருக்கும். ஐஸ் உருகிச் சொட்டுகிற தண்ணீரை நக்குவதற்கு ஒவ்வொன்றும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாதா திருவிழா முடிந்த வாரம் ஒரு நாள் ஸ்டெல்லா வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "அப்பா, இப்பல்லாம் பூனையே வரலப்பா. அடியில காஞ்சு கெடக்கு" என்றாள். "போய்ப் படி" என்றேன் நான். அன்றைக்கு அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால், தம்பி, இந்தக் கடிதத்தை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

எனக்குக் கையெழுத்துப் போடுவதற்குமேல் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம், விஷயத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். "நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க, புள்ளைக்குக் கை வலிக்கும்" என்கிறாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்கும் இன்னும் தெரியாது. அவளும் இப்போதுதான் கேட்கப்போகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவுக்குப் போன் பண்ணியபோது நான் கொல்லையில் தராசுத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் எப்போதும்போல் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். திருப்பூரில் நீ பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக எடுத்திருப்பதாகவும், வீடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் தண்ணீர் கேன் போடப்போவதாகவும் சொன்னாய். கல்யாணத்துக்கு அப்புறம் நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் உன்கூட வந்து, பின்னால் நின்று கேன் எடுத்துக் கொடுக்கப்போவதாகச் சொல்லிச் சிரித்தாய். எவ்வளவு நாளாயிற்று உன் சிரிப்பைக் கேட்டு. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "தளத்துல ஓட்டை இருக்கும்மா. எல்லாத்தையும் அடைச்சு, மேல ரப்பர் ஷீட்டு ஒட்டிடப் போறேன். ஓட்டை இருந்தும் நம்ம வண்டி துருப்பிடிச்சுதே. நான் ஒழுங்கா கழுவலை. அப்பா சொன்னது சரிதான். இனிமே என்னை நம்பி எதையும் விடறதா இல்ல."

தம்பி, அடைக்காதே. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பாகவே ஒரு தடவை எழுந்து போய்ப் பார். ஏற்கெனவே அடைத்திருந்தால் எடுத்துவிடு. அதற்கப்புறம் உட்கார்ந்து மீதியைப் படி.

நம் வண்டி வீட்டுக்கு வந்த அன்று உனக்குப் பதினான்கு வயது. எல்லாரும் முன்பக்கம் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோது நீ மட்டும் அடியில் புகுந்து படுத்துக்கொண்டு, "அப்பா, நாலு மூலையிலயும் ஓட்டை விட்டிருக்கான். கம்பெனிக்காரன் அடைக்க மறந்துட்டான் போல" என்று கத்தினாய். நானும் குனிந்து, "மறக்கலடா. தண்ணி போறதுக்குத்தான் வழி வச்சிருக்கான். தண்ணி நிக்காத எடத்துல துரு வராது" என்று சொல்லிக்கொடுத்தேன். நீ ஒவ்வோர் ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தாய். அந்தப் பாடத்தை உனக்குச் சொன்னவனும் நான்தான். அதை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டவனும் நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முந்தின திருவிழாவை நினைத்துப்பார். கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எதிர்வீட்டு ரீத்தம்மா நம் வாசலில் வந்து நின்றது. நம் தெரு அன்பியத்துக்கு அதுதானே தலைவி. வாரா வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வதும் அதன் ஏற்பாடு, தெருவில் யார் குப்பை போட்டாலும் கேட்பதும் அதன் வேலை. "ஆரோக்கியம் அண்ணே, சப்பரம் நம்ம தெருமுனையிலதான் திரும்பும். மாதாவுக்கு மல்லிப்பூ வாசம் வேணுமா, உங்க மத்தி வாசம் வேணுமா, நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றது. கணீரென்று நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல். தெருவே சிரித்தது. "அந்த ஓட்டைய அடைச்சு விடுங்களேன்" என்று யாரோ சொன்னார்கள். நீ உடனே, "அடைச்சா உள்ள தண்ணி நின்னுடும்க்கா. ஒரு பைப்பு போட்டு கேன்ல புடிச்சிடலாம். ஞாயித்துக்கெழமை நான் பண்ணிடறேன்" என்றாய். எவ்வளவு சரியான யோசனை! ஐ.டி.ஐ.யில் படித்தவன் அப்படித்தான் யோசிப்பான். எனக்கு என்ன வந்ததோ, "மீசை மொளைச்ச ஒடனே எனக்கே வண்டி கத்துக் குடுக்கிறியாடா?" என்றேன். அதற்கும் தெரு சிரித்தது. நீ சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய்விட்டாய்.

நீங்கள் எல்லாரும் ஞாயிறு பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். சவுக்குக் கட்டையை நான்கு முளையாகச் சீவி, சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி, நான்கு ஓட்டையிலும் அடித்து இறுக்கினேன். சுற்றிலும் பசை அப்பினேன். அது காய்ந்ததும் மேலே சேற்றைப் பூசினேன். திருவிழா பத்து நாள். பத்தாவது நாள் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாடை மேலேயும் வரக் கூடாது என்று தளம் முழுவதும் தடிமனான ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டு, ஓரம் நெடுகப் பசை வைத்து ஒட்டியதும் அந்த வாரம்தான். அந்த விரிப்பை மட்டும் உங்களுக்குக் காட்டினேன். நீ அதை அழுத்திப் பார்த்து, "நல்லாருக்குப்பா" என்றாய்.

ஏன் பத்து நாளில் எடுக்கவில்லை என்று நீ கேட்பாய். இரண்டு வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திருவிழா முடிந்து நடந்த அன்பியக் கூட்டத்தில் ரீத்தம்மா ஜெபமாலை முடிந்ததும், "நம்ம தெரு சுத்தத்துக்காகச் சிரமம் எடுத்துக்கிட்ட ஆரோக்கியம் அண்ணனுக்காகவும் அவங்க குடும்பத்துக்காகவும் வேண்டிக்குவோம்" என்றது. முப்பது பேர் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொன்னார்கள். சாவு வீட்டையும் நோயாளியையும் விட்டால் நம் கூட்டத்தில் யார் பெயரும் சொல்ல மாட்டார்கள். மீன்காரன் என்று அவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்த ஆள் நான். என் பெயரைச் சொல்லி முப்பது பேர் ஜெபித்தது அதுதான் முதல் தடவை. அதை வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் முளையைப் பிடுங்கித் தெருவில் மறுபடியும் தண்ணீரைச் சொட்டவிட எனக்கு மனசு வரவில்லை. இதுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் உன்னிடம் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உன் அம்மா கீரையைத் தள்ளி வைத்துவிட்டாள். நான் மேலே சொல்கிறேன்.

பூனையைப் பற்றி ஸ்டெல்லா சொன்ன இரண்டு நாளில் மறுபடியும் வந்தாள். பள்ளிக்கூட யூனிபார்மில் முட்டியெல்லாம் மண். "அப்பா, ஓட்டையில கட்டை அடிச்சிருக்குப்பா. அண்ணன்கிட்ட சொல்லவா?" என்று கேட்டாள். உனக்குத்தான் தெரியுமே, அவள் ஒரு வார்த்தை பேசுவதற்கு வாசலில் பத்து நிமிஷம் நின்று யோசிக்கிறவள். அப்படி யோசித்துத்தான் வந்திருப்பாள். "நீ ஒண்ணும் பாக்கல. நான் சொல்லிக்கிறேன். அண்ணன்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது, அம்மாகிட்டயும் கூடாது" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இதைச் சொல்லும்போது அவள் பேனாவை நிறுத்திவிட்டு, "இது வேணாம்ப்பா" என்கிறாள். எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

தம்பி, நீ கழுவினாய். தினம் கழுவினாய். மூன்று மணிக்கு வண்டி வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, போரிங் பைப்பில் அடித்து அடித்துப் பத்துக் குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் தேய்ப்பாய். காய்ச்சலோடு கழுவியது எனக்குத் தெரியும். உன் சிநேகிதன் கல்யாணத்துக்குக் கூத்தாநல்லூர் போகவேண்டிய அன்றைக்கும் கழுவிவிட்டுத்தான் போனாய். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மூலையில ஊத்து, மூலையில ஊத்து" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நீ கேட்டாய், "தண்ணி எங்கப்பா போவுது? முன்ன மாதிரி அடியில கொட்டலையே." "பின்னால வழியுது பாரு. சரிவா நிறுத்தியிருக்கேன்ல" என்றேன். வழிந்தது கால்வாசி. மீதி விரிப்பின் விளிம்பில் பசை விட்டுப்போன இடத்தில் உள்ளே இறங்கி, மீனோடு வந்த உப்புத் தண்ணீரோடு சேர்ந்து, போக வழியில்லாமல் தகட்டின் மேலேயே நின்றது. வெயிலும் படாது, காற்றும் போகாது. நீ எவ்வளவு ஒழுங்காகக் கழுவினாயோ அவ்வளவு தண்ணீர் உள்ளே போனது. நீ சோம்பேறியாக இருந்திருந்தால் அந்தத் தகடு இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். இதை நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் எனக்கு என் கையையே பார்க்கப் பிடிப்பதில்லை.

எனக்குத் தெரியாமல் நடந்ததும் இல்லை. அடுத்த வருஷம் ஆவணி வாக்கில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெட்டியை வைத்தால் சதக் என்று ஒரு சத்தம் வந்தது. விரிப்பை அழுத்தினால் ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது. தண்ணீர் நின்று கெட்ட இரும்புக்கு ஒரு வாடை உண்டு, மீன் வாடையைத் தாண்டி மூக்கில் ஏறும். அதுவும் வந்தது. மழைக்காலம் போகட்டும், கிறிஸ்துமஸ் போகட்டும், பிரித்துப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பிரித்தால் முளை தெரிந்துவிடும். முளை தெரிந்தால் நீ அன்றைக்குத் தெருவில் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஒரு தகப்பன் பயப்படுகிற விஷயமா இது? பயந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை உனக்கு நான் திருப்பிச் சொல்ல வேண்டாம். ஆனாலும் நீ பார்க்காத பக்கம் ஒன்று இருக்கிறது. குடவாசல் போகிற வழியில் அந்த வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தோம். நடவுக்குப் போய்விட்டு வந்த பெண்கள் நாலைந்து பேர் சட்டியோடு நின்றார்கள். ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நான் தராசைப் பிடித்திருந்தேன், நீ வண்டியைத் திருப்புவதற்காக ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருந்தாய். "பாப்பா, அந்தச் சங்கரா பெட்டிய எடு" என்று சொன்னவன் நான். ஸ்டெல்லா பின்னால் ஏறி, முன்மூலைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கினாள். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவளும் கத்தவில்லை. "அப்பா" என்று மட்டும் மெல்லச் சொன்னாள். திரும்பிப் பார்த்தபோது அவள் தொடை வரைக்கும் தளத்துக்குள் போயிருந்தாள்.

நான் மேலே ஏறி அவள் அக்குளைப் பிடித்துத் தூக்கப்பார்த்தேன். தூக்கினால் தகடு இன்னும் கிழிக்கும் என்று சத்தம் போட்டு என்னை நிறுத்தியவன் நீ. சேற்றில் படுத்து வண்டிக்கு அடியில் போய், கீழே தொங்கிய அவள் பாதத்தை ஒரு கையில் ஏந்தி, தகட்டு விளிம்பில் இன்னொரு உள்ளங்கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாய். பக்கத்து வயலிலிருந்து ஆள் வந்து கடப்பாரையால் தகட்டை நெம்பி எடுக்கும்வரை அப்படியே கிடந்தாய். உன் ரத்தம் எது, அவள் ரத்தம் எது என்று தெரியவில்லை. நான் குனிந்து பார்த்தபோது, தம்பி, அந்த முளை ஒன்று உன் தலைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. சேறு பூசியபடி அப்படியே. நீ திரும்பியிருந்தால் பார்த்திருக்கலாம். தங்கையின் காலைத் தவிர நீ எதையும் பார்க்கவில்லை. நான் முளையைப் பார்த்தேன். மகளின் கால் அப்படிக் கிடக்கும்போது என் கண் முதலில் அங்கேதான் போயிற்று. இதை இதுவரைக்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட நான் சொன்னதில்லை.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா வந்து நின்று, "எப்படிங்க வண்டி அடித்தகடு ஒடைஞ்சுது? இரும்புதானேங்க அது?" என்று கேட்டாள். ரீத்தம்மாவும் தெருவிலிருந்து வந்தவர்களும் சுற்றி நின்றார்கள். என்னை ஜெபத்தில் சொன்ன அதே ஆட்கள். நான் உன்னைக் காட்டினேன். "இவனக் கேளு. தெனம் கழுவுடா, கழுவுடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கழுவினானா?" நீ கட்டுப்போட்ட கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். "தெனமும் கழுவினேனேப்பா" என்றாய். "கழுவியிருந்தா ஏன்டா துருப்பிடிக்குது?" என்றேன். நீ என்னையே பார்த்தாய். கோபம் எல்லாம் இல்லை. ஒருவேளை உண்மையாகவே எங்கேயோ ஒழுங்காகக் கழுவாமல் விட்டுவிட்டோமோ என்று யோசிக்கிற பார்வை. அந்தப் பார்வையோடுதான் நீ இந்த இரண்டு வருஷமும் இருந்திருக்கிறாய் என்று போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

வண்டியை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனபோது உன்னைக் கூப்பிடவில்லை. பட்டறைக்காரப் பாய் விரிப்பை உரித்துவிட்டு, மூலையில் மிச்சம் நின்ற தண்ணீரை வாளியில் வழித்துப் போட்டார். பிறகு அடியில் போய், நான்கு முளையையும் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "யாருண்ணே இந்தப் புத்திசாலி? அடைச்சிட்டுத் தண்ணி ஊத்தினா அது வண்டியா? தொட்டி. கெண்டைக் குஞ்சு விட்டிருந்தாக்கூட வளந்திருக்கும்." "பழைய ஓனரா இருக்கும்" என்றேன். பாய் ட்யூபைப் பிரித்து விரலால் இழுத்துப் பார்த்தார். "பழைய ஓனர் புது ட்யூபு சுத்தியிருக்காரு" என்று சொல்லிவிட்டு, வேறொன்றும் கேட்காமல் வேலையைப் பார்த்தார். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அங்கேயே உடைந்து, வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லியிருப்பேனோ என்னவோ. முளைகளை வரும் வழியில் வாய்க்காலில் எறிந்துவிட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் நீ திருப்பூருக்குப் பை தூக்கினாய். "போறேன்ப்பா" என்று வாசலில் வந்து சொன்னபோது நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பானரைத் திருகிக்கொண்டிருந்தேன். அங்கே திருகுவதற்கு ஒன்றும் இல்லை. உன் செருப்பைப் பார்த்தேன். அது கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போயிற்று.

ஸ்டெல்லாவின் படிப்பும் அதோடு போனது. ஆபரேஷன், கட்டு, மறுபடி ஆபரேஷன் என்று பத்தாம் வகுப்புப் பரீட்சை தவறிவிட்டது. அடுத்த வருஷம் டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்கள். கால் இழுத்து இழுத்து நடப்பதை எல்லாரும் பார்ப்பார்கள் என்று அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையை ஆட்டினாள். நான் அவளை வற்புறுத்தியிருக்க வேண்டும். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. வகுப்பில் யாராவது "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள், இவள் யோசித்து யோசித்து ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். அதனால், "புள்ளைக்கு இஷ்டமில்லன்னா விடுங்க டீச்சர்" என்றேன். நல்ல தகப்பன் மாதிரி இருந்தது கேட்பவர்களுக்கு.

இனி உன் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் தவறாகச் செய்து பார்த்தவனுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். தண்ணீர் கேன் மூடி எவ்வளவு இறுக்கினாலும் கசியும். மழையில் ஏற்றுவாய், ஈரக்காலோடு ஏறுவாய். தண்ணீர் வராமல் தடுக்க முடியாது. அதனால் வருகிற தண்ணீர் போவதற்குத்தான் வழி வேண்டும். நான்கு ஓட்டையும் திறந்தே இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவை சைக்கிள் கம்பியை விட்டுக் குத்திவிடு, மண்ணும் பிளாஸ்டிக் சீலும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ரப்பர் ஷீட்டை ஒட்டாதே. வேண்டுமென்றால் நாலு துண்டாக வெட்டிப் போடு, ஒற்றை ஆள் தூக்கி வெளியே போடுகிற மாதிரி இருக்க வேண்டும். அதைவிட நல்லது, ரீப்பர் கட்டைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு அடித்து ஒரு சட்டம் செய்து தளத்தின்மேல் வைத்துக்கொள்வது. கேன் கட்டையின்மேல் நிற்கும், தண்ணீர் அடியில் ஓடிவிடும். கழுவினால் சட்டத்தை வெளியே சாய்த்து வைத்துவிட்டுக் கழுவு, தகட்டில் வெயில் படட்டும். தகடு நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய துருவை உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிட்டு இரண்டு கோட்டு ரெட் ஆக்சைடு அடி, அதற்குமேல் பெயின்ட் அடி. அடிப்பக்கத்தை மறந்துவிடாதே, மூட்டு வைத்த இடத்தில்தான் முதலில் துரு ஏறும். மாதம் ஒரு தடவை சின்னச் சுத்தியலால் தட்டிப்பார். நல்ல தகடு ணங்கென்று சொல்லும். செத்த தகடு பதில் சொல்லாது. அப்படிப் பதில் சொல்லாத இடம் ஓர் உள்ளங்கை அளவு இருந்தாலும் அன்றைக்கே வேலையை நிறுத்தி வெட்டி எடுத்துவிடு, கிறிஸ்துமஸ் போகட்டும் என்று இருக்காதே. உன் பெண்டாட்டி நிற்கப்போகிற இடம் அது.

இதில் முக்கால்வாசி உனக்கு முன்பே தெரியும். பதினான்கு வயதிலேயே தெரியும். தெருவில் எல்லார் முன்னாலும் சரியாகச் சொன்னவன் நீ. தெரிந்ததைத் தெரியாது என்று உன்னை நினைக்கவைத்துவிட்டேன். வேலை செய்கிற ஒரு பிள்ளைக்கு அவன் கைமேல் இருக்கிற நம்பிக்கைதான் எல்லாம். அதை எடுத்துவிட்டு உன்னைத் திருப்பூருக்கு அனுப்பினேன். மகளின் கால், மகனின் மனசு, இரண்டும் அந்த நான்கு முளைக்குப் போயிற்று. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி, உன் கையை நீ நம்பு.

பழியை உன்மேல் போட்டபோது தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் இந்தக் கடிதத்தையும் தெரு கேட்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம் நம் வீட்டில். ஜெபமாலை முடிந்ததும் ரீத்தம்மா இதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டும், நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். என் பெயரைச் சொல்லி வாங்கிய ஜெபத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் உனக்குத் தபாலில் போடுவோம். இப்போதுதான் உன் அம்மா கேட்டாள், "எம் புள்ளையவா ரெண்டு வருஷமா வெளிய நிக்க வச்சீங்க?" என்று. அதையும் எழுது என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

இன்னொன்று. ஸ்டெல்லாவுக்கு இது முன்பே தெரியும் என்று நீ அவள்மேல் கோபப்படக் கூடாது. அவள் சின்னப் பிள்ளை, வாயைத் திறக்காதே என்று அடைத்தது நான். அவள்மேல் இதில் எந்தக் குற்றமும் இல்லை.

தை மாதம் கல்யாணத்துக்கு நாங்கள் வரலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவையும் தங்கையையும் மட்டுமாவது கூப்பிடு. வண்டித் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாயா, என்ன சத்தம் வந்தது என்று ஒரு வார்த்தை அம்மாவிடம் சொல்லிவிடு. நான் ஜன்னல் பக்கத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

அண்ணா, இனி எழுதுவது நான். நேற்று வெள்ளிக்கிழமை. வீடு நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அப்பா எல்லாருக்கும் முன்னால், தரையில் உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை முடிந்ததும் ரீத்தம்மா அத்தை கையை நீட்டி, "குடு பாப்பா, நான் வாசிக்கிறேன். உன் கொரலு வாசப்படியத் தாண்டாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். முதல் வரியிலிருந்து நானே வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா தலை நிமிரவே இல்லை. என்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அப்பா சொன்ன வரி வந்தது. அதை நான் வாசிக்கவில்லை. "எனக்கும் தெரியும். அண்ணன் பஸ் ஏறினப்பவும் தெரியும். நான் சொல்லல" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலிருந்து வாசித்தேன்.